குதிரையை வட்டக் கயிற்றில் ஓட்டும்போது கையைக் காத்துக்கொள்ளும் முறை

நம் விவசாயிகளிடத்தில் உழவு மாடும் பால் மாடும் இருக்கும் அளவிற்குக் குதிரைகள் இல்லை. ஆயினும் குதிரை வளர்க்கும் விருப்பம் நம் கிராமங்களை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதந்தோறும் நடைபெறும் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குச் சென்றவர்கள் இதனை நேரில் கண்டிருப்பார்கள். மார்வாரி, கத்தியவாரி முதலிய வடநாட்டு இனங்களும், உருவிற் சிறிய மட்டக் குதிரைகளும் அங்கே விலைக்கு வருகின்றன.

குதிரைகள் கிடைக்கின்றனவேயன்றி, அவற்றைப் பழக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் ஆண்டு பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்பட்ட பண்ணை, பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாக மாறியது. ஜட்கா வண்டிகளும் தெருக்களிலிருந்து மறைந்தன. தகப்பனிடமிருந்து மகன் கற்றுவந்த லாயக்காரர் தொழிலும் அவற்றோடு குறைந்துபோயிற்று. ஆகவே இன்று குதிரை வாங்குவோரிற் பெரும்பாலோர் மாடு பிடித்துப் பழகிய கையோடு குதிரையைப் பிடிக்கின்றனர். அதனால் நேரும் ஒரு பெரிய அபாயத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இங்கே விளக்குவோம்.

வட்டக் கயிற்றில் ஓட்டுதல் என்பது யாது?

ஓட்டுபவர் நடுவில் நிற்க, நீண்ட கயிற்றின் மறுமுனையில் குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடப்பதும் ஓடுவதுமே இப்பயிற்சி. இதனைக் குதிரைக்காரர்கள் ‘லஞ்சிங்’ என்று வழங்குவர். பல நாள் லாயத்தில் கட்டிக்கிடந்த குதிரையின் துடிப்பைத் தணிக்கவும், இளங்குதிரைக்குச் சொல் கேட்டு நடக்கவும் நிற்கவும் கற்பிக்கவும், சேணமும் வண்டியும் பூட்டுவதற்கு முன் அதன் குணத்தை அறியவும் இது உதவுகிறது. நொண்டலைக் கண்டுபிடிக்கவும் இதுவே நல்ல வழி. முன்னங்காலில் நோவுள்ள குதிரை, அக்கால் தரையில் ஊன்றும்போது தலையை உயர்த்தும். வட்டத்தில் ஓடும்போது இது தெளிவாகப் புலப்படும்.

பயன் இத்தகையதாயினும், ஒரு கயிற்றை நம்பி ஏறக்குறைய 350 கிலோ எடையுள்ள பிராணியை ஓடவிடுகிறோம் என்பதை மறத்தலாகாது.

மாட்டுப் பழக்கம் குதிரைக்கு ஆகாது

நம்மவர் மாட்டைப் பிடிக்கும்போது தும்பைக் கையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்வது வழக்கம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. சிறிது இழுத்தாலும் மூக்கின் மெல்லிய தசையில் உறுத்துவதால், பழகிய மாடு உடனே நின்றுவிடும். ஆகவே கயிறு கையில் இறுகும் சமயம் அடிக்கடி நேர்வதில்லை. அப்பழக்கம் மாட்டினிடத்திலும் தவறே. மிரண்ட காளையின் கயிற்றில் விரலை இழந்தோர் உண்டு. ஆயினும் மூக்கணாங்கயிற்றின் தயவால் பெரும்பாலோர் தப்பிவிடுகின்றனர்.

குதிரைக்கு அத்தகைய மூக்குக் கயிறு இல்லை. தலைவாரில் கோத்த கயிற்றை அது தன் உடம்பு முழுவதையும் கொண்டு இழுக்கும். மேலும், அஞ்சியவிடத்து ஓடித் தப்புவதே குதிரையின் பிறவிக்குணம். சாந்தமான குதிரையும் ஒரு தகர ஓசைக்கோ பட்டாசுக்கோ மிரண்டால், ஓடிய பின்னரே திரும்பிப் பார்க்கும். மெல்லோட்டத்திலேயே குதிரை ஒரு நொடிக்குச் சுமார் 12 அடி செல்லும். பாய்ச்சலில் 30 அடிக்கு மேல் செல்லும். கையில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிற்றை அந்நேரத்திற்குள் அவிழ்க்க எவராலும் இயலாது.

சுற்று ஏன் பொல்லாதது?

முரட்டுக் காளையை அடக்கும்போது அதன் கயிற்றைக் கட்டுத்தறியில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைச் சிறுவன் கையிற் கொடுத்துவிடுகிறோம். அவன் சிரமமின்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காளையை நிறுத்துவது சிறுவனின் பலமன்று. தறிக்கும் கயிற்றுக்கும் இடையே உண்டாகும் உராய்வேயாகும். உராய்வின் அளவை 0.3 என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு முழுச் சுற்றினால் பிடிப்பு ஆறு மடங்குக்கு மேலும், இரண்டு சுற்றினால் நாற்பது மடங்குக்கு மேலும் பெருகுகிறது.

கையிற் சுற்றும்போது நம் கையே அந்தத் தறியாகிவிடுகிறது. தறி வைரம் பாய்ந்த மரம். விரலோ மெல்லிய எலும்பும் தோலும் நரம்பும். குதிரை இழுக்க இழுக்கச் சுற்று இறுகும். இறுகியபின் விரல்களை விரித்தாலும் கயிறு நழுவாது. விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் எழுந்தாலும் அதை நிறைவேற்றக் கைக்குச் சுதந்திரம் இராது.

இதனை யான் ஏட்டில் மட்டும் கற்றவனல்லன். விவசாயப் பட்டயப் படிப்பை முடித்த ஆண்டில், என் தாய்மாமன் வீட்டுக் களத்தில் நின்ற மட்டக் குதிரையை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். கயிறு நழுவாதிருக்கும் என்று எண்ணி இடக்கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அது ஐந்தாறு வட்டம் அழகாக வந்தது. அப்போது காற்றில் கொட்டகைத் தகரம் ஒன்று படபடத்தது. குதிரை நேர்க்கோட்டில் பாய்ந்தது. யான் குப்புற விழுந்து பத்தடி தூரம் இழுபட்டேன். வேலியருகே அது தானே நின்றிராவிட்டால் என் கதி யாதாகியிருக்கும் என்று சொல்ல இயலாது. இடக்கை மோதிர விரலின் நுனிக்கணு அன்றோடு போயிற்று. ஊரார் குதிரையைப் பொல்லாதது என்றனர். மாமன் அதனை அடுத்த வாரமே விற்றுவிட்டார். குதிரை தன் இயல்பின்படி நடந்தது. பிழை என் கைச்சுற்றில் இருந்தது. செய்துகாட்டலுக்கு வரும் விவசாயிகளிடம் இந்த விரலைக் காட்டியே யான் பாடத்தைத் தொடங்குவது வழக்கம்.

கயிறும் வாரும்

கயிறு 25 முதல் 30 அடி நீளம் இருத்தல் வேண்டும். ஓர் அங்குல அகலமுள்ள பருத்தி நாடா சிறந்தது. பருத்தி வடமாயின் உள்ளங்கை நிறையும் பருமனும் மென்மையும் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நைலான், பிளாஸ்டிக் கயிறுகளை விலக்குக. அவை கைக்குள் ஓடும்போது சூடேறித் தோலைத் தீய்த்துவிடும். தென்னை நார்க்கயிறும் உள்ளங்கையைக் கிழிக்கும்.

சில கயிறுகளின் கடைசியில் கைநுழைக்கும் வளையம் தைத்திருப்பர். அதனுள் கையையோ மணிக்கட்டையோ ஒருபோதும் நுழைக்கலாகாது. அதனை வெட்டிவிட்டு, நுனி பிரியாதபடி நூலாற் கட்டிவிடுதல் உத்தமம். ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு முன் கயிற்றை முழுதும் விரல்களால் உருவிப் பார்த்து, இற்ற இடம், முடிச்சு, முறுக்கு உளவா என்று சோதித்தல் வேண்டும்.

குதிரையின் தலைக்கு, மூக்கின்மேல் வளையம் உள்ள தலைவார் ஏற்றது. அவ்வளையத்தில் சுழல் கொக்கியால் கயிற்றை மாட்டுக. கடிவாளத்தின் ஒரு பக்க வளையத்தில் மாத்திரம் மாட்டினால், இரும்பு வாய்க்குள் இழுபட்டுப் புண்ணாகும். கழுத்தில் சுருக்குப் போட்டு ஓட்டுவது குதிரையின் உயிருக்கே ஆபத்து.

இடமும் உடையும்

ஆபத்தில் கயிற்றை விட்டுவிட மனம் வராமைக்குப் பெரும்பாலும் காரணம் என்ன? குதிரை சாலைக்கு ஓடிவிடுமே, பயிரை அழித்துவிடுமே என்ற அச்சந்தான். ஆகவே நாற்புறமும் அடைப்புள்ள இடத்தையே தேர்ந்தெடுத்துப் படலைச் சாத்திவிட்டுத் தொடங்குக. விட்டாலும் குதிரை எங்கும் போகாது என்ற துணிவு இருந்தால், கை தக்க சமயத்தில் தானே திறக்கும். வேலியே கைக்கு முதற்காவல்.

வட்டத்தின் குறுக்களவு 50 அடிக்குக் குறையலாகாது. வட்டத்திற்கும் வேலிக்கும் இடையே சில அடி விட்டிருத்தலும் நன்று. தரை சமமாகவும் சற்று மெதுவாகவும் இருக்கட்டும். கெட்டித்த களமும் சிமெண்டுத் தளமும் குதிரையின் கால் மூட்டுக்கு ஆகா. அவற்றில் வழுக்கவும் கூடும். நடுவில் மரம், முளைக்குச்சி, கிணற்றுமேடு முதலியன இருக்கலாகாது.

ஓட்டுபவர் மோதிரம், கைக்கடிகாரம், கங்கணம், கழுத்துச் சங்கிலி யாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கயிறு மோதிரத்தில் மாட்டினால் விரலின் தோலை உரித்துக்கொண்டு போகும். தோள் துண்டை அப்புறப்படுத்துக. வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டுவதினும் கால்சட்டை அணிவது நலம். செருப்பு உதவாது, காலை மூடிய பாதரட்சை வேண்டும். தடித்த கையுறையும் தலைக்கவசமும் அணிவதை ஆடம்பரம் என்று எண்ணற்க. கைப்பேசியைப் பிறரிடம் கொடுத்துவிடுக. நாய்களும் சிறுவர்களும் அடைப்புக்கு வெளியே நிற்கட்டும்.

கயிற்றை மடித்துப் பிடிக்கும் விதம்

மிச்சக் கயிற்றைக் கிணற்றுக் கயிறு போல் வளையமாகச் சுருட்டினால், இழுக்கும்போது அவ்வளையம் சுருக்காகிக் கையைக் கவ்வும். ஆகவே துணிக்கடையில் சேலையை மடிப்பது போல, முன்னும் பின்னுமாகத் தட்டை மடிப்புகளாக மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் ஒன்றரை அடிக்கு மேற்படாமல் இருக்கட்டும். மடிப்புகளை உள்ளங்கையின் குறுக்கே வைத்து, அவற்றின் நடுவைச் சுற்றி விரல்களை மூடுக. விரல்கள் கயிற்றைச் சுற்றியிருக்கலாம். கயிறு விரலைச் சுற்றியிருக்கலாகாது. பாடம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

குதிரைக்குச் செல்லும் பாகம் மடிப்புகளின் மேற்புறத்திலிருந்து புறப்பட வேண்டும். கயிறு விட வேண்டுமானால் விரல்களைச் சற்றே தளர்த்தி மேல் மடிப்பு ஒன்றை நழுவவிடுக. மீட்க வேண்டுமானால் மற்றக் கையால் வாங்கி மீண்டும் மடிப்பாக வைத்துக்கொள்க. தரையில் கயிறு தொங்கிக் கிடக்க எப்போதும் இடங்கொடுக்கலாகாது. தொங்கும் கயிற்றில் குதிரையின் காலும் சிக்கும், நம் காலும் சிக்கும்.

இப்பழக்கத்தைக் குதிரையில்லாமலே கற்கலாம். கயிற்றின் மறுமுனையை ஓர் ஆளிடம் கொடுத்து அவரை நடக்கவும் ஓடவும் செய்க. அவர் முன்னறிவிப்பின்றிச் சட்டென்று இழுக்கட்டும். இழுத்த கணத்தில் விரல்களை விரித்து முழுதும் விட்டுவிடப் பழகுக. தவறாமல் இருபது முறை விட முடிந்தவரே குதிரையைப் பிடிக்கத் தக்கவர்.

நிற்கும் இடமும் ஓட்டும் முறையும்

குதிரை இடஞ்சுழியாக வரும்போது அதற்குச் செல்லும் கயிறு இடக்கையிலும், மடிப்புகளும் சாட்டையும் வலக்கையிலும் இருக்கும். வலஞ்சுழியாக வரும்போது கைகள் மாறும். கயிறு ஒரு பக்கமாகவும், சாட்டை ஒரு பக்கமாகவும், குதிரையின் உடல் எதிர்ப் பக்கமாகவும் அமைய ஒரு முக்கோணம் உண்டாக வேண்டும். அதன் முனையில், குதிரையின் தோளுக்குச் சற்றுப் பின்னே எதிராக நாம் நிற்க வேண்டும். தோளுக்கு முன்னே சென்றால் குதிரை நின்றுவிடும், அல்லது திரும்பிக்கொள்ளும். மிகவும் பின்னே தங்கினால் கயிறு நேராகி, அதன் தலை நம் வசம் இராது. சாட்டை வழிகாட்டவே, அடிக்க அன்று.

தொடக்கத்தில் குதிரையின் தோளருகே நின்று, தலையை வெளிப்புறம் திருப்பி நடக்கவிட்டு, நாமும் நடந்துகொண்டே ஒவ்வொரு மடிப்பாக விடுக. முதன்முதல் விடும்போது சில குதிரைகள் பின்காலை வீசும். ஆதலால் பின்புறத்தை அணுகாமலிருக்க வேண்டும்.

கயிறு மெல்லிய பிடிப்போடு, சிறிது வளைந்து இருக்கட்டும். குதிரை வலித்து இழுத்தால் தொடர்ந்து எதிரிழுக்காமல், இழுத்து உடனே தளர்த்தி, மறுபடியும் இழுத்துத் தளர்த்துக. ஒரே பலமாக இழுத்தால் அதுவும் ஒரே பலமாகச் சாயும். பலப்பரீட்சையில் மனிதன் வெல்வதில்லை. பக்கவாட்டில் நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, பிடித்த கையை இடுப்பளவில் வைத்து, அதன் மூக்கை உட்புறம் திருப்ப முயலுக. தலை உட்புறம் இருக்கும் வரையில் குதிரை நம் வசத்தில் உள்ளது. தலை வெளிப்புறம் திரும்பிக் கழுத்தும் கயிறும் ஒரே கோடாகிவிட்டால், அக்கணமே கையைத் திறந்து கயிற்றை விட்டுவிடுக. விட்ட குதிரையைத் துரத்தாதீர். அது ஓடித் தணிந்தபின், தோள்பக்கமாக மெல்லப் பேசிக்கொண்டே சென்று பிடிக்கலாம். ஓடிய குதிரையைப் பிடிக்க ஒரு நாழிகை செல்லும். போன விரல் திரும்பி வராது.

வட்ட ஓட்டம் கால்களுக்குக் கடினமானது. ஆகவே இருபது நிமிஷத்திற்கு மேற்படாமலும், ஐந்து நிமிஷத்திற்கு ஒரு முறை சுழற்சியை மாற்றியும் ஓட்டுக. மூன்று வயதுக்குட்பட்ட குட்டிகளைச் சிறிது நேரம் நடத்துவதோடு நிறுத்துக. தீனி தின்றவுடனும் உச்சிவெயிலிலும் ஓட்டலாகாது. முடிவில் குதிரையை வட்டத்தின்மேலேயே நிறுத்தி, கயிற்றை மடித்துக்கொண்டே நாம் அதனிடம் செல்ல வேண்டும்.

காயம் நேர்ந்தால் செய்யத்தக்கவை

கயிறு உரசித் தோல் தீய்ந்தால், மோதிரம் ஏதேனும் இருப்பின் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, சுத்தமான குளிர்ந்த நீர் இருபது நிமிஷம் காயத்தின்மேல் ஓடும்படி செய்க. பின்பு தூய துணியால் தளர்வாக மூடுக. சாம்பல், மஞ்சட்பொடி, காப்பித்தூள், மண்ணெண்ணெய் முதலியவற்றை அப்புதல் கேடு. குதிரையின் குடலிலும் லாயத்து மண்ணிலும் தனுர்வாதத்தை உண்டாக்கும் நுண்கிருமி தங்கியிருத்தல் இயல்பு. ஆகவே காயம் சிறிதாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டித் தனுர்வாதத் தடுப்பு ஊசி வேண்டுமா என்று கேட்டறிதல் அவசியம்.

விரல் துண்டிக்கப்பட்டுவிட்டால், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டை ஈரமான தூய துணியிற் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைக்க வேண்டும். துண்டின்மேல் பனிக்கட்டி நேரே படலாகாது. 108 எண்ணுக்குத் தெரிவித்து, தாமதமின்றி அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்க. உரிய காலத்தில் சென்றால் சில சமயம் விரலைத் திரும்பப் பொருத்த இயலும்.

கிராம அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை

சந்தை நாட்களிலும் திருவிழாக்களிலும் குதிரை வாங்குவோர், அதே இடத்தில் கூட்டத்தின் நடுவே அதனை ஓட்டிப் பார்க்க விரும்புவர். கிராம அலுவலர்கள் சந்தைத்திடலில் ஒரு பக்கத்தைக் கயிறும் மூங்கிலும் கொண்டு அடைத்துக் கொடுத்தால், வாங்குவோருக்கும் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் பெரும் பாதுகாப்பாகும். கையிற் கயிறு சுற்றியிருப்பவரைக் காணுந்தோறும் ‘ஐயா, சுற்றை எடுத்துவிடுங்கள்’ என்று கூறத் தயங்க வேண்டாம். அவர் அனுபவசாலியாயினும் கூறுக. அனுபவசாலியின் கையையும் கயிறு ஒரே விதமாகத்தான் இறுக்கும்.

நிலத்தில் உழைப்பவனுக்கு இரு கைகளே முதல். அவற்றை ஒரு சுற்றுக் கயிற்றுக்குப் பணயம் வைத்தல் தகாது. இன்று மாலையே தொழுவத்திற்குச் சென்று, தும்பை எடுக்கும்போது உங்கள் கை அதனை எவ்விதம் பிடிக்கிறது என்று கவனியுங்கள். சுற்றியிருந்தால் அவிழ்த்து மடிப்பாகப் பிடியுங்கள். மாட்டினிடத்தில் திருந்திய கை குதிரையினிடத்தில் தவறாது.